வாடகை வீட்டுச் சுவரும் அட்வான்ஸ் பணமும்

(குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் வந்து, "சார், சுவர் ரிப்பேர் பத்தி பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். முப்பத்தாறு வருஷ வங்கி வேலையில் கவுன்டரில் உட்கார்ந்து நான் அதிகம் சொன்ன வாக்கியம், "பக்கத்து கவுன்டருக்குப் போங்க" என்பதுதான். அதனால் மேடைப் பேச்சை எதிர்பார்க்காதீர்கள். நான் படித்தது பி.காம். கொத்தனாரும் இல்லை, பெயிண்டரும் இல்லை. ஆனால் மாற்றல், வாடகை உயர்வு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஒன்பது வாடகை வீடுகளில் குடியிருந்திருக்கிறேன். இப்போது இதே வளாகத்தில் இருப்பதும் வாடகை வீடுதான். ஒன்பது வீட்டுச் சுவர்களோடும் எனக்கு ஏதோ ஒரு கணக்கு வழக்கு இருந்திருக்கிறது.

இதை ஏன் பேசச் சொன்னார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். போன வருஷம் மட்டும் இரண்டு வீடுகளில் காலி செய்யும்போது அட்வான்ஸ் தகராறு சங்கம் வரை வந்தது. இரண்டிலும் பிரச்சினை சுவர்தான். ஒரு வீட்டில் ஆணி ஓட்டைகளுக்காக வீடு முழுவதற்கும் பெயிண்ட் செலவைப் பிடித்தார்கள். இன்னொரு வீட்டில் ஓதம் ஏறிய சுவரின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிட்டுப் போனார்கள். பெயர் வேண்டாம். இரண்டு தரப்பிலும் நான் இருந்திருக்கிறேன் என்பதால் எனக்கு யார் மீதும் கோபம் இல்லை.

முதலில் நான் ஏமாந்த கதை. 2004-இல் சென்னையில் ஒரு வீட்டைக் காலி செய்தேன். வாடகை 4,500, அட்வான்ஸ் பத்து மாதம், 45,000 ரூபாய். ஐந்து வருஷம் இருந்தோம். சாவியைக் கொடுத்த அன்று வீட்டுக்காரர் ஒரு பெயிண்டரின் எஸ்டிமேட்டைக் காட்டி 9,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். ஹாலில் டிவிக்குப் பின்னால் இருந்த விரிசலும், படுக்கையறை ஜன்னல் கீழே உரிந்திருந்த பெயிண்டும் நாங்கள் குடிவந்தபோதே இருந்தவை. சொன்னேன். "அப்படியா? எங்க எழுதியிருக்கு?" என்றார். எங்கும் எழுதவில்லை. வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாயைக்கூட கணக்கில் ஏற்றாத ஆள் நான். சொந்தப் பணம் 9,000-க்கு என்னிடம் வவுச்சர் இல்லை.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குக் குடிபோனாலும், சாமான் இறக்கும் முன் காலி வீட்டில் நின்று ஒவ்வொரு சுவரையும் பார்த்து எழுதுவேன். இப்போது செல்போன் இருப்பதால் இன்னும் சுலபம். ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவர், கூரை, ஜன்னல் ஓரம், பாத்ரூம் கதவுச் சட்டத்தின் அடிப்பகுதி எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். "சார், குடிவந்த அன்று வீடு இருந்த நிலை, உங்கள் பார்வைக்கு" என்று ஒரு வரி போதும். சண்டைக்கு அடிபோடுகிற மாதிரி இருக்குமோ என்று கூச்சப்படுவோம். கூச்சத்தின் விலை எனக்கு 9,000 ஆயிற்று. வீட்டுச் சொந்தக்காரர்களும் இதையே செய்யலாம். நல்ல நிலையில் கொடுத்த வீட்டுக்கு உங்களிடமும் ஆதாரம் இருக்க வேண்டுமில்லையா?

இந்த இடத்தில் சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017-ஆம் வருஷச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. வீட்டை வாங்கிய நிலையில் திருப்பித் தர வேண்டும், ஆனால் சாதாரணத் தேய்மானம் அதில் சேராது. யார் எதைப் பழுது பார்ப்பது என்று பின்னால் ஒரு அட்டவணையே இருக்கிறது. கட்டுமானம் சார்ந்த ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், தேவைப்படும்போது குழாய் மாற்றுவது இவையெல்லாம் உரிமையாளர் பக்கம். குழாய் வாஷர், சுவிட்ச், உடைந்த ஜன்னல் கண்ணாடி போன்றவை நம் பக்கம். வாடகைதாரரே சேதப்படுத்தியிருந்தால் அது அவர் பொறுப்பு. ஆனால் நம் ஊர் ஒப்பந்தங்களில் "காலி செய்யும்போது பெயிண்டிங் செலவுக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும்" என்று ஒரு வரி சர்வசாதாரணமாக இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும் அவசரத்தில் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு பிறகு என்னிடம் கொண்டுவந்து காட்டாதீர்கள். எதற்குப் பிடிப்பது, எதற்குப் பிடிக்கக் கூடாது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

சரி, சுவருக்கு வருவோம். சுவரில் பெயிண்ட் உரிந்திருக்கிறது, காரை உதிர்கிறது என்றதும் நாம் செய்கிற முதல் காரியம் கடைக்குப் போய் பட்டி வாங்குவது. தயவுசெய்து அதைக் கடைசியில் செய்யுங்கள். இடிபட்டு உடைந்த சுவர் வேறு, தண்ணீரால் கெட்ட சுவர் வேறு. இடிபட்டதை நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரிசெய்துவிடலாம். தண்ணீரால் கெட்டதன் மேல் பட்டி பூசினால் இரண்டு மழை தாங்காது. உள்ளே ஈரம் இருக்கும்வரை அது உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து, பூசியதைத் தள்ளிவிடும். சுவரில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூக்கிறதே, அந்த உப்புதான். ஈரத்துணியால் துடைத்தால் கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஈரம் இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு அடி சதுரத்துக்கு கனமான பிளாஸ்டிக் தாளை எடுத்து, நான்கு பக்கமும் காற்று புகாமல் டேப் போட்டு சுவரில் ஒட்டுங்கள். மறுநாள் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு நான் பார்ப்பது, அது எப்போது கூடுகிறது என்பதைத்தான். ஒரு வாரம் பென்சிலால் ஈரத்தின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதி வாருங்கள். யார் வந்து பார்த்தாலும் இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. மழைக்கு மட்டும் பரவுகிறது என்றால் வெளிச்சுவர் விரிசல், இல்லாவிட்டால் ஜன்னல் மேல் சன்ஷேடு. ஐப்பசி, கார்த்திகையில் நம் வளாகத்தில் பெரும்பாலும் இதுதான். வெளிச்சுவர் பொது இடம், அதனால் அது சங்கத்தின் வேலை. குளித்துத் துணி துவைத்த பிறகு கூடி, ஊருக்குப் போய் வீட்டைப் பூட்டியிருந்த நாட்களில் காய்கிறது என்றால் பாத்ரூம் டைல்ஸ் இடுக்கு அல்லது தரையில் தண்ணீர் போகும் குழாயின் இணைப்பு. மழையும் இல்லை, குளியலும் இல்லை, எப்போதும் ஒரே ஈரம் என்றால் சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயே கசிகிறது. தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஒரே மட்டமாக உரிந்தால், நிலத்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். இவை எதுவும் வாடகைதாரர் பட்டி பூசித் தீர்க்கிற விஷயமில்லை. சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஈரம் தெரிந்தால் அந்த அறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

கூரையில் காரை வீங்கி, துருக்கறையோடு உப்பியிருந்தால் கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு ஏறினால் கம்பி பருத்து கான்கிரீட்டைத் தள்ளும். அதன் கீழே கட்டில் போடாதீர்கள். உடனே உரிமையாளருக்கும் சங்கத்துக்கும் எழுத்தில் சொல்லுங்கள். இன்ஜினியர் பார்க்க வேண்டிய வேலை அது.

இப்போது நான் செய்த தவறைச் சொல்கிறேன். கூட்டத்தில் இதைச் சொல்லலாமா என்று என் மனைவியிடம் கேட்டேன். "இத்தனை வருஷம் கழிச்சு இனிமே யார் என்ன சொல்லப்போறாங்க, சொல்லுங்க" என்றாள்.

1991-இல் திருச்சி உறையூரில் ஒரு பழைய வீட்டின் பாதி போர்ஷனில் குடியிருந்தோம். மறுபாதியில் வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். வாடகை 600, அட்வான்ஸ் 6,000. எங்கள் பாத்ரூம் குழாய்க்கு மறுபக்கம், படுக்கையறைச் சுவரில் ஒரு நாள் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாக ஈரம் தெரிந்தது. சொன்னால் நாங்கள் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டோம் என்று சொல்வாரோ, அட்வான்ஸில் கை வைப்பாரோ என்று பயம். அப்போது 6,000 ரூபாய் எனக்குப் பெரிய தொகை. ஒரு காலண்டரை மாட்டினேன். காலண்டரைத் தாண்டி ஈரம் வளர்ந்ததும் இரும்பு பீரோவை நகர்த்தி அங்கே வைத்தேன். அதன் பிறகு அந்தச் சுவரை நான் பார்க்கவே இல்லை. பதினான்கு மாதம்.

மாற்றல் வந்தது. சாமான் ஏற்ற வந்தவர்கள் பீரோவை நகர்த்தியபோது காரை கைப்பிடி கைப்பிடியாக மணலாய்க் கொட்டியது. செங்கல் தெரிந்தது. அதே சுவர் அந்த அம்மாவின் பக்கமும் போகிறது. அவர் பக்கத்தில் அதை ஒட்டி மரத்தில் செய்த நெல் பத்தாயம் இருந்தது, அவருடைய மாமியார் காலத்துப் பொருள். அதன் அடிப்பலகை முழுக்க ஊறிக் கரையான் பிடித்திருந்தது. பத்தாயத்தை யாரும் நகர்த்துவதில்லை என்பதால் அவருக்கும் தெரியவில்லை. குழாய்க்காரர் வந்து பார்த்தார். சுவருக்குள் ஒரு முழங்கை இணைப்பு கசிந்திருக்கிறது. ஆரம்பத்திலேயே என்றால் அரை நாள் வேலை.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "சொல்லியிருந்தா ஆளைக் கூப்பிட்டிருப்பேனே தம்பி" என்றார், அவ்வளவுதான். உள்ளே போய் 6,000 ரூபாயை எடுத்து வந்து கொடுத்தார். ஒரு பைசா பிடிக்கவில்லை. நான் அதை வாங்கினேன். வாங்கியது மட்டுமில்லை, வழக்கம்போல இரண்டு தடவை எண்ணினேன். பிறகு எப்போதாவது ஒரு மணியார்டர் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. 2004-இல் என்னிடம் 9,000 பிடித்தவர் மீது நான் வருஷக்கணக்கில் கோபமாக இருந்தேன். அந்த வருஷங்களில் உறையூர் ஞாபகம் வரும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன்.

அதனால்தான் ஸ்டிக்கர் ஒட்டிய குடும்பத்தை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அவர்கள் ஏமாற்றவில்லை, பயந்தார்கள். உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஈரம் என்று வாடகைதாரர் போன் செய்தால் முதல் கேள்வியாக "நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் பீரோ நகர்கிறது. வாடகைதாரர்கள் அன்றே படத்தோடும் தேதியோடும் எழுதிவிடுங்கள். எழுதிய பிறகு அது உங்கள் தலையில் விழாது.

இனி நம் பக்கம் இருக்கிற வேலை. ஆணி ஓட்டை முதலில். ஆணியை ஆட்டிப் பிடுங்காமல் கொறடால் நேராக இழுங்கள், இல்லையென்றால் கூடவே காரையும் வரும். தூசியை ஊதி எடுத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் தொட்டு, கெட்டியாகக் குழைத்த பட்டியை அழுத்தி அடையுங்கள். காய்ந்தால் சுருங்கும், அதனால் சுவர் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். மறுநாள் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். டூத்பேஸ்ட் வைத்து அடைப்பதை யாரோ வீடியோவில் காட்டுகிறார்களாம். பல்லுக்கு நல்லது.

கதவுக் கைப்பிடி இடித்து இடித்துக் காரை பெயர்ந்த குழி எல்லா வீட்டிலும் இருக்கும். அதற்கு முதல் ரிப்பேர் சுவரில் இல்லை, கதவில். ஒரு ஸ்டாப்பர் வாங்கிப் போடுங்கள். பிறகு குழியைச் சுற்றி ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். "டக் டக்" என்றால் காரை சுவரோடு பிடித்திருக்கிறது. "டொப் டொப்" என்றால் உள்ளே விட்டுவிட்டது. டொப் என்கிற இடத்தையெல்லாம் பாவம் பார்க்காமல் எடுத்துவிட வேண்டும். குழி பெரிதாகிறதே என்று மனசு கேட்காது. ஆனால் ஆடுகிற காரையின் மேல் எதைப் பூசினாலும் அதோடு சேர்ந்து விழும். எடுத்தபின் தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்து, சிமெண்டைத் தண்ணீரில் கரைத்து பிரஷ்ஷால் உள்ளே தடவுங்கள். அது காய்வதற்குள் ஒரு கப் சிமெண்ட், நான்கு கப் சலித்த பூச்சு மணல் கலந்த கலவையைக் கரணையால் அழுத்திப் பூசுங்கள். குழி அரை அங்குலத்துக்கு மேல் ஆழம் என்றால் இரண்டு தடவையாக. கடைசியில் சுவர் மட்டத்துக்கு ஒரு நூல் உள்ளேயே நிறுத்துங்கள், அந்த இடம் பட்டிக்கு. ஒரு வாரம் தினம் இரண்டு மூன்று வேளை தண்ணீர் தெளிக்க வேண்டும். இந்த ஒரு வாரத்தில்தான் எல்லோருக்கும் பொறுமை போகிறது. அதன் பிறகு நன்றாகக் காயவிட வேண்டும். மூன்று வாரம் விட்டால் உத்தமம். காலி செய்ய நான்கு நாள் இருக்கும்போது இந்த வேலையைத் தொடங்கினால் ஈரக் காரையின் மேல்தான் பெயிண்ட் அடிப்பீர்கள்.

பட்டியை ஒரே தடவையில் தடிமனாக இழுக்காதீர்கள், வெடிக்கும். மெல்லிசாக இரண்டு தடவை, இடையில் காய விட்டு. குழைத்த பட்டி இரண்டு மணி நேரத்தில் இறுகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குழையுங்கள். பழைய பெயிண்டின் பளபளப்பைச் சுரண்டாமல் அதன் மேல் பட்டி வைத்தால் பிடிக்காது. சுரண்டும்போது ஒரு கவனம். நம் நாட்டில் வீட்டு பெயிண்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரிலிருந்துதான் அமலில் இருக்கிறது. அதற்கு முந்தைய பெயிண்ட் என்றால், முக்கியமாகக் கதவு ஜன்னலில் அடித்த ஆயில் பெயிண்ட் என்றால், காய்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைப் பக்கம் வர வேண்டாம்.

கடைசியில் கலர். "அதே மஞ்சள்தான் வாங்கினேன், திட்டுத் திட்டாகத் தெரிகிறது" என்று இரண்டாவது மாடியில் ஒரு தம்பி வருத்தப்பட்டார். அதே நம்பர் வாங்கினாலும் ஐந்து வருஷம் வெயிலும் சமையல் புகையும் பார்த்த சுவர் வேறு மஞ்சளாகிவிட்டிருக்கும். ஒட்டுப்போட்ட இடத்தில் பிரைமர் அடித்து, பிறகு அந்த ஒரு சுவரை மட்டும் மூலையிலிருந்து மூலைவரை அடித்துவிடுங்கள். மூலையில் வெளிச்சம் மாறுவதால் பக்கத்துச் சுவரோடு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. முன்பு ரோலரில் அடித்த சுவர் என்றால் ரோலரிலேயே அடியுங்கள், பிரஷ் கோடு காட்டிக் கொடுத்துவிடும். அடிக்கும் முன் உரிமையாளரிடம் கலர் நம்பரைக் கேட்டுவிடுங்கள். உங்களுக்குப் பிடித்த நீலத்தை அடித்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்றால், அதற்குப் பிடிக்கிற பணத்துக்கு நான் வந்து வாதாட மாட்டேன். உரிமையாளர்களே, டின்னில் ஒட்டியிருக்கும் கலர் நம்பரைப் படம் எடுத்துச் சாவியோடு கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. மீதிப் பெயிண்டை மூடி இறுக்கமான ஒரு பாட்டிலில் ஊற்றித் தேதி எழுதி வைக்கலாம்.

எவ்வளவு செலவாகும் என்று கேட்பீர்கள். போன மாதம் என் வீட்டில் கதவு இடித்த குழி ஒன்று, பதினோரு ஆணி ஓட்டை, ஒரு சுவருக்குப் பெயிண்ட். என் கூலி சேர்க்காமல் எல்லாம் சேர்த்து 1,140 ரூபாய். பில் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பியாயிற்று. அவர் கட்டைவிரலை மட்டும் அனுப்பினார். அதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

என்னிடம் பட்டி பிளேடு இரண்டு, ஒரு கரணை, மட்டப்பலகை, நீண்ட கைப்பிடி ரோலர் இருக்கின்றன. யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள். நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போய், கழுவிக் கொண்டுவந்து கொடுங்கள். உப்புத்தாள் மட்டும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.